நாலு வளவுக்கு ஒரு கிணறு

சிங்கப்பூர்த் தேக்காவில் எருமைக் கொட்டில்களுக்குப் பின்னால், ஒரு மாடியறையில் யோகம் ஆறு வருஷம் குடித்தனம் நடத்தினாள். குடித்தனம் என்ற பேர்தான் பெரிது. பத்தடிக்கு எட்டடி அறை, ஒரு கட்டில், ஒரு அடுப்பு, புருஷன் பசுபதியின் கோட்டை மாட்ட ஒரு ஆணி. சன்னலைத் திறந்தால் சாணி நாற்றம், சாத்தினால் கீழ்க்கடையின் கருவாட்டு நாற்றம். பெருமழைக்கு ரோச்சோர் கால்வாய் பொங்கினால் எருமை படுத்த சேறெல்லாம் படிக்கட்டுவரை வந்து நலம் விசாரித்துவிட்டுப் போகும். அந்தச் சேற்றுக் காய்ச்சல்தான் போன புரட்டாசியில் அவளுடைய பதினொரு மாதப் பெண்குழந்தையைக் கொண்டுபோனது.

இப்போது மறுபடியும் ஐந்து மாதம். ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிற டிரெசர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். இந்தப் பிள்ளையாவது தங்க வேண்டுமென்றால் பிரசவத்துக்கு முன் இந்த இடத்தைவிட்டுக் கிளம்புங்கள், காற்றோட்டமான மேட்டு நிலமாகப் பாருங்கள் என்றார். பசுபதி தலையாட்டினான். தலையாட்டுவதில் அவன் கெட்டிக்காரன். ரயிலில் ஏறுகிற சாமான்களைப் பதிகிற கிராணி வேலை அவனுக்கு. எது வந்தாலும் ஏன் என்று கேட்காமல் பதிந்துகொள்கிற பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது.

வழி சொன்னவர் பெரிய கிராணி இராஜசிங்கம். யாழ்ப்பாணத்தார். துரையே அவரை 'மிஸ்டர்' போட்டுத்தான் கூப்பிடுவாராம். இதை அவரே நாலு பேரிடம் சொல்லுவார். ரயில் ஓடத் தொடங்கி ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. புக்கிட் தீமா ஸ்டேஷனில் இறங்கி, புக்கிட் பாத்தோக் குன்றுகளின் பக்கமாக அரைமணி நேரம் நடந்தால் ஒரு சரிவு நிலம். நாகூர்க்காரர் நெய்னா முகம்மதுவின் கைக்கு வந்த பழைய மிளகுத் தோட்டம். உதிரியாகக் கொடுக்க மாட்டார், ஒரே துண்டாக எடுக்க வேண்டும். அதை நாலு வளவாகப் பிரித்து, ஒன்று தனக்கு, ஒன்று நில அளவைக் கந்தோரில் படம் கீறுகிற பேரின்பநாயகத்துக்கு, ஒன்று பசுபதிக்கு, ஒன்று அடுத்த வருஷம் வரவிருக்கிற தன் தம்பிக்கு என்று இராஜசிங்கம் திட்டம் போட்டார். நடுவில் ஒரு கிணறு. மூலையில் ஒரு பிள்ளையார். மச்சம் மாமிசம் இல்லாத சமையல். ரயிலில் வேலைக்குப் போய் ரயிலில் வீடு திரும்புவது.

"எங்களைப் போல ஆக்கள் மட்டும். ஆரோடும் கரைச்சல் இல்லை" என்று அவர் சொன்னதைப் பசுபதி வாயெல்லாம் பல்லாக வந்து சொன்னான்.

எங்களைப் போல ஆக்கள் என்ற சொல்லில்தான் யோகம் நின்றுவிட்டாள்.

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பசுபதியின் அப்பா யாழ்ப்பாணத்து ஊரில் கிணறும் தோட்டமும் உள்ள மனிதர். யோகத்தின் அப்பா அவருக்குப் பனையேறியவர். அந்தக் கிணற்றில் கயிற்றைத் தொட யோகத்தின் வீட்டாருக்கு உரிமை இல்லை. குடத்தைத் தரையில் வைத்துவிட்டு நாலடி தள்ளிப் போய் நிற்க வேண்டும். உரிமை உள்ளவர் யாராவது வந்து, மனமிருந்தால், மேலேயிருந்து ஊற்றுவார். ஊற்றியவர் விலகிய பிறகுதான் போய்க் குடத்தைத் தூக்கலாம். சில நாள் யாரும் வராமல் உச்சிவெயில்வரை நின்றிருக்கிறாள். லீவில் வீட்டுக்கு வந்த பசுபதி ஒருநாள் அதைப் பார்த்தான், ஊற்றினான், மறுநாளும் ஊற்றினான். குடம் நிரம்பி வழிந்தும் ஊற்றினான். அப்படித் தொடங்கியது, தோணியில் நாகப்பட்டினம் போய், அங்கே கப்பலேறிச் சிங்கப்பூரில் வந்து முடிந்தது. அவன் வீட்டார் உயிரோடு இருக்கிற மகனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

தேக்கா வந்த முதல்நாள், தெருக்குழாயடியில் யோகம் குடத்தைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். பழகின கால் வேறு என்ன செய்யும்? பின்னால் வந்த சீனத்தி ஒருத்தி என்னவோ திட்டிக்கொண்டு அவள் முதுகில் கைவைத்து வரிசைக்குள் தள்ளினாள். யோகம் குழாயைத் தானே திருகித் தண்ணீர் பிடித்தாள். அன்று அழுதுகொண்டே படியேறினாள், சந்தோஷத்தில்தான். ஆறு வருஷமாக அந்தக் குழாய் அவளிடம் எந்த ஊர், எந்தப் பகுதி என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இப்போது குழாயை விட்டுவிட்டுக் கிணற்றுக்குப் போ என்கிறார்கள். அதுவும் யாழ்ப்பாணத்தார் வெட்டுகிற கிணற்றுக்கு.

"இஞ்சாருங்கோ, எங்களுக்கெண்டு வேறயா ஒரு கிணறு வெட்ட ஏலாதோ?" என்று கேட்டாள்.

"மலைப்பாறை யோகம். ஒண்டு வெட்டவே ரெண்டு மாதம் எண்டுறாங்கள். ஒரு கிணத்துத் தண்ணி குடிச்சால்தான் ஒரு சனமாய் இருக்கலாம் எண்டு இராஜசிங்கத்தார் சொல்லுறார்."

"அதுதான் எனக்குப் பயம்."

"கடல் தாண்டி வந்தாச்சு. இஞ்ச ஆர் கேக்கப் போகினம்?"

கேட்காத யாழ்ப்பாணத்தானை அவன் எங்கே கண்டானோ தெரியாது. வயிற்றில் பிள்ளை உதைத்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று குடும்பமும் இடம் பார்க்கப் போனது. ஸ்டேஷனுக்கு அப்பால் ரப்பர்க் கன்று வைத்த தோட்டங்கள், அன்னாசிப் பாத்திகள், பிறகு நெஞ்சளவு லாலான் புல். புல் விளிம்பு கையைக் கிழித்தது. குணமணி, அதாவது பேரின்பநாயகத்தின் மனைவி, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு சிரித்தபடி முன்னால் நடந்தாள். ஊரில் பெரிய வளவில் பிறந்தவள். அவளுக்கு எந்தக் காட்டிலும் கால் கூசவில்லை. இராஜசிங்கத்தின் மனைவி வள்ளிநாயகி மட்டும் குடையைப் பிடித்துக்கொண்டு, நிலத்தைப் பார்க்காமல் கூடவந்தவர்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். யார் எப்படி உட்காருகிறார்கள், யார் சோற்றை எப்படிப் பிசைகிறார்கள் என்று அந்த அம்மாவின் கண் ஒன்றையும் விடவில்லை. கட்டுச்சோறு பிரித்தபோது குணமணி பிசைகிற மாதிரியே யோகமும் பிசைந்தாள்.

நெய்னா முகம்மது கை நிறைய மண்ணை அள்ளிக் காட்டி மெச்சினார். மிளகோடு பயிரான காம்பியர் இலையைக் காய்ச்சிய பழைய கொப்பரை ஒன்று புல்லுக்குள் கவிழ்ந்து துருவேறிக் கிடந்தது. இவ்வளவு நல்ல மண்ணைச் சீனர்கள் ஏன் விட்டுவிட்டுப் போனார்கள் என்று யோகம் கேட்டாள். காம்பியர் விலை விழுந்தது, விறகும் தீர்ந்தது என்றார் அவர். பதில் சட்டென்று வந்தது. சட்டென்று வருகிற பதில் எதுவும் யோகத்துக்குப் பிடிப்பதில்லை.

கிணறு வெட்ட வந்திருந்த மாணிக்கம், தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள், நிலத்தை எட்டு வைத்து அளந்து, மண்ணை எடுத்து முகர்ந்து, நாக்கில் வைத்துத் துப்பினான்.

"தண்ணி இருக்குன்னும் சொல்ல மாட்டேன், இல்லைன்னும் சொல்ல மாட்டேங்க. வெட்டினாத்தான் தெரியும். கல்லு வேற கெடக்கு" என்றான்.

அதன்பேரில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். முதலில் கிணறு. தண்ணீர் வந்தால் பத்திரத்தில் கையெழுத்து, வளவு பிரிப்பு. வராவிட்டால் அவரவர் வழி. திரும்பி வருகிற ரயிலில் யோகம் தனக்குள் இரண்டு வேண்டுதல்களையும் சேர்த்து வைத்தாள். தண்ணீர் வர வேண்டும், பிள்ளைக்காக. தண்ணீர் வரக்கூடாது, தனக்காக. எந்தச் சாமிதான் இதற்கு வழி செய்யும்?

பத்து நாள் கழித்து, பசுபதி வேலைக்குப் போன நேரம் பார்த்து, வள்ளிநாயகி வந்து இறங்கினாள். றிக்‌ஷா வாசலில் நிற்க, மேலே வந்து அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்து, ஓலைப்பெட்டியில் கொண்டுவந்த முறுக்கை நீட்டினாள். முறுக்கு ஒரு சாக்கு. விசாரணைக்குத்தான் வந்திருக்கிறாள் என்பது யோகத்துக்கு அந்தப் பெட்டியைக் கண்டதுமே விளங்கிவிட்டது.

எந்த ஊர், எந்தக் குறிச்சி, எந்தக் கோயிலடி, கோயிலில் யாருடைய திருவிழா உங்களது, அப்பாவின் பேர், அப்பாவின் அப்பாவின் பேர். கல்யாணத்துக்குப் பெண் கேட்பவர்கள்கூட இவ்வளவு ஆழம் தோண்ட மாட்டார்கள். யோகத்திடம் பதில் இருந்தது. கப்பலில் வரும்போதே பசுபதியின் தூரத்துச் சொந்தக்காரி ஒருத்தியின் ஊரையும் பரம்பரையையும் அவனிடம் கேட்டுப் பாடமாக்கி வைத்திருந்தாள். ஒவ்வொன்றாகச் சொன்னாள், தடுமாறாமல். இன்னொரு உத்தியும் அவளுக்குத் தெரியும். நம்மைத் தோண்டுகிறவரை நாமும் திருப்பித் தோண்ட வேண்டும்.

"உங்கட அம்மாவின்ர ஊர் எது அக்கா?"

வள்ளிநாயகி மூச்சு விடாமல் சொன்னாள். ஊர், குறிச்சி, கோயில், கொடியேற்றத்துக்கு உரிமை, பாட்டன் பூட்டன் பேர் எல்லாம் மணிமணியாக வந்து விழுந்தன. இப்படி வேரோடு நிற்கிற மனுஷியின் முன்னால் தன் கள்ளப் பரம்பரை எத்தனை நாளைக்கு நிற்கும் என்று யோகத்துக்கு வியர்த்தது.

எழும்பும்போது வள்ளிநாயகி சொன்னாள்: "குறை நினையாதையும் பிள்ளை. நாளைக்குப் பிள்ளையள் ஒரு வளவுக்குள்ள வளரப் போகுது. இவர் ஊருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார், மூண்டு வீட்டைப் பற்றியும் விசாரிச்சு. பதில் வர ஒரு மாதமாகும்."

மூண்டு வீடா? அவர்கள் வீட்டையும் சேர்த்தா? யோகம் அதைக் கேட்கவில்லை. கடிதம் என்ற சொல்லிலேயே காது அடைத்துவிட்டது. அன்று அந்த முறுக்கை அவள் தொடவில்லை. சாயங்காலம் வந்த பசுபதி ஒன்றுவிடாமல் தின்று தீர்த்து, நல்ல முறுக்கு என்றான்.

அவனிடம் கடிதத்தைப் பற்றிச் சொன்னாள். முதல்முறையாக அவன் முகம் செத்துப்போனது.

"அப்ப விடுவம். போகாமல் இருப்பம்" என்றான்.

"இருந்தால் இந்தப் பிள்ளையும் போயிடும்" என்றாள் யோகம். "போவம். பதில் வரட்டும். வந்த பிறகு அவை வாசலுக்கு வந்து என்ன சொல்லுகினமோ சொல்லட்டும். அதுக்குப் பிறகும் நான் அந்த மேட்டிலதான் இதைப் பெறுவன்."

அந்த மாதம் முழுக்க அவள் கப்பல் வருகிற செய்திக்குக் காது கொடுத்துக் கிடந்தாள். தபாற்காரன் தெருவில் நடந்தால் சன்னலுக்கு ஓடினாள். இராஜசிங்கம் கந்தோரில் பசுபதியைப் பார்த்துச் சிரித்தாரா, சிரிக்கவில்லையா, எத்தனை மணிக்கு, பக்கத்தில் யார் நின்றது என்று தினமும் கேட்டுப் பிய்த்தெடுத்தாள். குணமணி ஒருநாள் வந்து, பிறக்கப்போகிற பிள்ளைக்கு என்று பழைய மெல்லிய வேட்டிகள் கொடுத்துவிட்டுப் போனாள். அதிலும் ஏதோ இருக்கிறது என்று யோகம் உதறிப் பார்த்தாள். வேட்டி மட்டும்தான் இருந்தது.

குன்றில் வேலை நடந்துகொண்டிருந்தது. பதினைந்தடியில் செம்மண் முடிந்து களி வந்தது, இருபதடியில் கல். மாணிக்கமும் அவன் ஆட்களும் உளியும் சம்மட்டியுமாக ஒரு நாளைக்கு ஒரு சாண் இறங்கினார்கள். இருபத்தெட்டாம் அடியில் கல் வியர்த்தது. முப்பதில் ஊற்று. ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் வரச் சொல்லி ஆள் வந்தது.

யோகத்துக்கு வேறு பயம் பிடித்துக்கொண்டது. கடிதம் எப்போது வருமோ வரட்டும். தன் கால் தன்னை அதற்கு முன்பே காட்டிக்கொடுத்துவிடும் என்ற பயம். ஆறு வருஷமாகக் குழாயடியில் நின்றவள்தான். ஆனாலும் கிணற்றைக் கண்டால் இந்தக் கால் என்ன செய்யும் என்று யாருக்குத் தெரியும்? சனிக்கிழமை பகல் முழுக்க அறைக்குள் ஒத்திகை பார்த்தாள். நேரே நட. குடத்தைக் கட்டின்மேல் வை. கயிற்றைப் பிடி. கட்டில்தான் கிணறு. கீழ்க்கடைக்காரன் கூரையில் என்ன சத்தம் என்று கேட்டு ஆளனுப்பினான்.

ஞாயிறு காலை வெயில் நன்றாக அடித்தது. லாலான் வெட்டிய இடமெல்லாம் பச்சை வாடை. கிணற்று வாயைச் சுற்றித் தென்னங்குற்றிகளைக் கிடத்தி, குறுக்கே ஒரு மரம் போட்டுக் கயிறு கட்டியிருந்தான் மாணிக்கம். கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைத்தார்கள். ஆண்கள் சுவைத்துப் பார்த்து, நல்ல தண்ணீர், உவர்ப்பில்லை, ஊர்த் தண்ணீர் மாதிரியே இருக்கிறது என்று ஆளுக்கு ஆள் தலையை ஆட்டினார்கள். நெய்னா முகம்மது பத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு நிழலில் காத்திருந்தார். பெண்கள் முதலில் அள்ளட்டும், குடத்தைக் கொண்டு வாருங்கள் என்று இராஜசிங்கம் அழைத்தார்.

யோகம் நடந்தாள். நேரே நடந்தாள். குடத்தைக் குற்றியின்மேல் வைத்தாள். கால் சொன்னபடி கேட்டது. அவளுக்கு முதுகெல்லாம் வியர்த்து, சிரிப்பு வந்தது. குணமணி கயிற்றைப் பிடித்துச் சளசளவென்று முதல் வாளியை இழுத்து அவள் குடத்தில் ஊற்றினாள். நிரம்பிய குடத்தைப் பிடித்துக்கொண்டு, தப்பிவிட்டோம் என்ற நிம்மதியில், யோகம் திரும்பிப் பார்த்தாள்.

வள்ளிநாயகி குடத்தைத் தரையில் வைத்திருந்தாள். வைத்துவிட்டுப் பின்னால் போய், கைகளை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, தலையைக் கவிழ்த்து நின்றாள். பட்டுச்சேலையும் அட்டியலும் போட்டபடி நின்றாள். யாரையும் பார்க்கவில்லை. அவள் நினைவு இங்கே இல்லை.

அப்படி நிற்க யாருக்கும் சொல்லிக்கொடுக்க முடியாது. நின்று நின்றுதான் வரும். யோகத்துக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கியது. மூச்சு விடாமல் ஒப்பித்த பூட்டன் பேர், குடைக்குக் கீழே சுழன்ற கண், ஓலைப்பெட்டி முறுக்கு எல்லாமே விளங்கின. ஆண்கள் பத்திரத்தைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். ஒருவரும் பார்க்கவில்லை. குணமணி மட்டும் இரண்டாவது வாளியோடு நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏனக்கா அங்க போய் நிக்கிறியள்? குடத்தை ஏன் நிலத்தில வைச்சியள்?"

வள்ளிநாயகி தலையைத் தூக்கினாள். தான் எங்கே நிற்கிறோம் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டாள். அந்த முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் இறங்கியது. குணமணியின் நெற்றி மெல்லச் சுருங்கத் தொடங்கியது. பெரிய வளவுக்காரி. ஊற்றுகிற பக்கத்திலிருந்து அதே நிற்பை எத்தனை தடவை பார்த்திருப்பாளோ.

இப்போது வாயை மூடிக்கொண்டு நின்றாலே போதும் என்று யோகத்துக்குத் தெரியும். குணமணியே கண்டுபிடித்துவிடுவாள். கடிதம் எழுதியவர்கள் தாங்களே அகப்பட்டுக்கொள்வார்கள். ஒரு மாதமாகத் தன்னைத் தூங்கவிடாதவளுக்கு இது வேண்டியதுதான்.

யோகம் போய்க் கீழே கிடந்த குடத்தைத் தூக்கினாள். "அக்காவுக்கு வெயில் தலையைச் சுத்துது போல. வரேக்கையே சொன்னவ. நீங்கள் ஊத்துங்கோ, நான் பிடிக்கிறன்" என்று குடத்தைக் கொண்டுவந்து குற்றியின்மேல் வைத்தாள்.

"நிழலில இருங்கோவன் அக்கா" என்று சொல்லிவிட்டுக் குணமணி ஊற்றினாள். அவள் நெற்றி நேரானது.

அந்தக் குடத்தைத் தூக்கிக்கொண்டு யோகம் நிழலுக்குப் போனாள். வள்ளிநாயகி மரத்தடி வேரில் உட்கார்ந்திருந்தாள். நன்றி சொல்வாள் என்று யோகம் நினைத்தாள். அந்த அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு விசாரணைதான் செய்தாள்.

"உமக்கு எப்பிடிப் பிள்ளை விளங்கினது?"

பதில் சொன்னால் தானும் அகப்பட வேண்டும் என்பது யோகத்துக்குத் தெரிந்தது. பொய்ப் பரம்பரை நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதைச் சொல்ல அவளுக்கு அலுப்பாக இருந்தது.

"எங்கட ஊரில நாலடி தள்ளி நிண்டால் போதும் அக்கா. நீங்கள் ஆறடி நிண்டியள்."

வள்ளிநாயகி அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு, அங்கே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த தன் புருஷனின் முதுகைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அவரும் என்னோட நிண்டவர்தான். கடிதம் போடேல்லை. மேசைக்குள்ளதான் கிடக்கு. போட்டால், எழுதிறவன் ஆர் எண்டு அங்க முதல்ல கேப்பாங்கள்."

யோகத்துக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ஒரு மாதம். வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஒரு மாதம் செத்துப் பிழைத்திருக்கிறாள், மேசைக்குள் கிடந்த ஒரு காகிதத்துக்காக. அந்த அம்மாவின் கன்னத்தில் ஒன்று வைத்தால் என்ன என்றுகூட இருந்தது. இடுப்பில் இருந்த குடத்தை இறக்கி அவள் முன்னால் வைத்தாள்.

அந்த நேரம் இராஜசிங்கம் கூப்பிட்டார். பேரின்பநாயகம் படத்தை விரித்து வைத்திருந்தார். நாலு வளவில் யாருக்கு எது என்று குறிக்க வேண்டும், பசுபதி முழித்துக்கொண்டு நிற்கிறான், தங்கச்சி வந்து சொல்லட்டும் என்றார்.

யோகம் நின்ற இடத்திலிருந்து, எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்: "வள்ளிநாயகியக்கான்ர வளவுக்குப் பக்கத்து வளவை எங்களுக்குத் தாங்கோ."

"கேட்டீரோ" என்று இராஜசிங்கம் மனைவியைப் பார்த்துச் சிரித்தார். "உம்மை விட்டுப் பிரிய மாட்டா போல கிடக்கு."

வள்ளிநாயகி சிரிக்கவில்லை. யோகத்தைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள். அது உறவா, பயமா என்று யோகத்துக்குப் பிடிபடவில்லை. இனிமேல் தினமும் காலையில் எழும்பினால் அந்த முகத்தில்தான் விழிக்க வேண்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டாள். பசுபதி குனிந்து பேர் எழுதினான்.